கடைசி அடியின் சுரம்

ஐவிந்த் ஸ்கோவ்போ 1911இல் டென்மார்க்கில், லிம் ஃபியோர்டு என்ற கடற்கழியின் கரையில் ஒரு படகுத் தச்சருக்குப் பிறந்தார். பதினெட்டு வயதில் எங்கள் நகர இசைக்குழுவில் டிம்பனி முரசு அடிக்கச் சேர்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் பிடிக்கப் போவார். பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவார். நான் அதே குழுவில் வயோலா வாசித்தேன். அவர் எனக்குப் பின்னால் நின்றதால், அவரைக் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதே அதிகம்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரே ஓர் அடி. எங்கள் ஊர் இசையமைப்பாளர் வால்டெமார் கெர்பியின் முதலிரண்டு சிம்ஃபனிகளை ஊர்க்காரர்கள் மரியாதைக்காகக் கேட்டார்கள். மூன்றாவதை அந்த அடிக்காகக் கேட்டார்கள். அதன் முடிவில் முழுக் குழுவும் இனிமையான ஒலியில் ஓய்ந்து நிற்கும்போது, ஐவிந்தின் முரசு மட்டும் கசப்பான ஒரு சுரத்தில் ஒலிக்கும். முடிவை நம்ப மறுக்கும் அடி என்று கோபன்ஹேகன் பத்திரிகை எழுதியது.

அந்த சிம்ஃபனியை கெர்பி நோய்ப் படுக்கையில் கிடந்தபடி சொல்ல, அவர் மனைவி மேபல் எழுதினார். அரங்கேறும் முன்பே கெர்பி இறந்தார். மேபல் தன் நாடான இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார். 1958இல் வானொலியில் ஒலிபரப்பாகவிருந்த நினைவுக் கச்சேரிக்காகத்தான் மறுபடி வந்தார். ஒத்திகையைக் கேட்டார். காபி இடைவேளையில் நேராக முரசுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தக் கடைசி அடியை யார் சொல்லிக் குடுத்தாங்க, ஸ்கோவ்போ?"

"நீங்கதாம்மா. தாளுக்கு மேல பி-ன்னு உங்க கையெழுத்துல இருக்கே."

மேபல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது உங்க பி இல்ல. எங்க ஊர் பி."

ஆங்கிலேயர் பி என்று சொல்லும் சுரத்தை டென்மார்க்கில் ஹெச் என்போம். எங்கள் பி அதற்கு அரைச்சுரம் கீழே. முரசுக்கு எந்தச் சுரம் என்பதைத் தாளின் தலைப்பில் எழுத்தாக மட்டுமே குறிப்பது பழைய வழக்கம். கெர்பி ஹெச் என்று சொல்லியிருக்கிறார். மேபலின் கை பிறந்த ஊர்ப் பழக்கத்தில் பி என்று எழுதிவிட்டது. ஐவிந்த் அதை எங்கள் பியாகப் படித்து, அரைச்சுரம் கீழே அடித்துவந்திருக்கிறார்.

பசூன் வாசிக்கும் ஊஃபே சிரித்துவிட்டார். "அப்போ இத்தனை வருஷமா பத்திரிகைக்காரன் பாராட்டினது எழுத்துப்பிழையையா? ஐவிந்த், உனக்கு ஒரு பதக்கம் தரணும்ப்பா."

இசைக்குழுவை நடத்தும் தம்கோவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அம்மா, ஊரே அந்த அடிக்குத்தான் டிக்கெட் வாங்கியிருக்கு. பழையபடியே இருக்கட்டுமே."

"முடிவு அமைதியா இருக்கான்னு அவர் கடைசியா கேட்டார்," என்றார் மேபல். "இருக்குன்னு சொல்லிட்டேன்." பிறகு ஐவிந்தைப் பார்த்தார். "அடிக்கப் போறது நீங்க. நான் எதுவும் கேக்கமாட்டேன்."

ஐவிந்த் கையிலிருந்த கேக்கைத் தின்று முடித்தார்.

"அதையும் விட்டுக் குடுத்துட்டா உன்னை யாருக்குத் தெரியும்?" என்றார் ஊஃபே.

"மீனுக்குத் தெரியும்."

"அதான் உன் பக்கமே வர்றதில்ல."

கச்சேரி அன்று கடைசிப் பக்கம் வரை எல்லாம் வழக்கம்போலவே நடந்தது. முடிவுக்குச் சற்று முன் எனக்குப் பின்னால் முரசின் மிதி கிறீச்சிட்டது. சுரத்தை மாற்றுகிறார் என்று தெரிந்தது. எந்தச் சுரத்துக்கு என்று தெரியவில்லை. அடி விழுந்தது. கசப்பு இல்லை. அது மற்ற ஒலிகளுக்குள் கரைந்து, முரசு எது, பாஸ் வயலின் எது என்று பிரிக்க முடியாமல் போனது. கைதட்டல் தாமதமாக வந்தது, குறைவாகவும் வந்தது. கைதட்டலை ஏற்கும்படி வழக்கமாகச் செய்யும் சைகையை தம்கோ அன்று ஐவிந்துக்குச் செய்யவில்லை.

வாசலில் மேபல் ஐவிந்தின் கையைக் குலுக்கி, எங்கள் வழக்கப்படி, "இந்த மாலைப்பொழுதுக்கு நன்றி," என்றார்.

மறுநாள் காலை ரொட்டிக்கடையில் ஐவிந்துக்குப் பின்னால் வரிசையில் நின்றேன்.

"நேத்து ரேடியோ பக்கத்துலயே உக்காந்திருந்தேன், ஸ்கோவ்போ சார்," என்றார் கடைக்கார கேர்டா. "உங்க அடி கேக்கவே இல்லையே. உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருந்தேன்."

"அப்போ அடிக்கலையா?"

"அடிச்சேன்," என்றார் ஐவிந்த். "ஒரு கறுப்பு ரொட்டி குடுங்க. முழுசா. வெட்ட வேண்டாம்."