ட்ரில்லுக்குப் போனது என் கார்டு

போன ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத்தில் ஒரு வளைகாப்பு. வந்தவர்கள் பெண்ணுக்கு வளையல் போட்டார்களோ இல்லையோ, ஒரு போட்டோவைப் பார்த்தார்கள்.

என் ஓரகத்தி கோமளாவின் போன் பந்தி முழுக்கக் கை மாறிக் கை மாறிச் சுற்றியது. போட்டோவில் இருப்பது அவள்தான். கிளிப்பச்சைப் பட்டுப்புடவை, அதற்கு மேலே ஆரஞ்சுக் கலரில் லைஃப் ஜாக்கெட். கடலில் விழுந்தால் மிதக்க வைக்குமே, அது. பக்கத்தில் வெள்ளை யூனிஃபார்மில் கப்பல் ஆபீசர். இவள் ரெண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு, தேர் மேலே நிற்கிற மாதிரி நிற்கிறாள்.

"அத்தினி பேர்ல என்னைத்தான் கூப்ட்டாரு. மேடைக்கு வாங்க மேடம்னு... நான் இன்னா பண்றது சொல்லு, போய்த்தானே ஆவணும்?"

இந்தக் கதையை நான் கேட்பது இது பதினேழாவது தடவை. எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பெண்ணின் சித்தி என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் கப்பலுக்குப் போனீங்களாமே பெரிம்மா? நீங்க எங்க, போட்டோல காணோம்?"

நான் அப்பளத்தை உடைத்தேன். வேறென்ன செய்ய? நாலு பேர் நடுவில் என் நாக்கு ஒட்டிக்கொள்ளும், உங்களுக்குத்தான் தெரியுமே. அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படித்த கைக்கு மட்டும் அந்தக் கூச்சம் கிடையாது. அதனால் அவளுக்குப் பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. அந்தக் கப்பலுக்கு நான் மாற்று ஆள். கோமளாவின் பிள்ளை சரவணன் ஒரகடத்தில் கார் பார்ட்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அப்பா அம்மாவைக் கப்பலில் அனுப்ப அவனுக்கு ஆசை. சென்னைத் துறைமுகத்தில் ஏறி, ரெண்டு நாள் கடலில் சுற்றி, அங்கேயே இறங்குவது. அப்பா, அதாவது என் கொழுந்தனார், "தண்ணி மேல எனக்குத் தூக்கம் வராது, ஆளை வுடு" என்றுவிட்டார். பேரை மாற்றி என்னை அனுப்பினார்கள். எனக்கு நன்றி இல்லாமல் இல்லை... ஸ்டெப்னி டயருக்கு எவ்வளவு இருக்குமோ அவ்வளவு இருந்தது.

ரூமுக்குள் நுழைந்த உடனே ஜன்னலோரக் கட்டிலில் கோமளாவின் பை விழுந்தது. எனக்குக் கதவோரம். கடலைப் பார்க்க வந்தவள் கதவைப் பார்த்துக்கொண்டா படுப்பது? தலை சுற்றுகிறது என்று சொல்லி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். கப்பல் இன்னும் கிளம்பக்கூட இல்லை.

நாலு மணிக்குக் கதவைத் தட்டினாள் அமலா. எங்கள் வரிசை ரூம்களைச் சுத்தம் செய்கிற பெண். தூத்துக்குடிப் பக்கம். நாற்பது வயசு இருக்கும்.

"ஏழாவது மாடி ஹாலுக்கு வாங்க ஆச்சி. பாதுகாப்பு ட்ரில்லு. ஆபத்துன்னா எங்கன கூடணும், ஜாக்கெட்டை எப்படிப் போடணும்னு சொல்லித் தருவாவ. வாசல்ல நான்தான் நிப்பேன், கார்டைக் காட்டுங்க. மெஷினு பீப்புன்னா நீங்க வந்துட்டியன்னு கணக்கு."

எனக்குக் கூச்சமாகிவிட்டது. அத்தனை ஆம்பளைகள் முன்னால் புடவைக்கு மேலே சட்டை மாட்டிக்கொண்டு நிற்பதா? அவள் போனதும் கோமளாவிடம் சொன்னேன்.

"நீ படுத்துக்கோக்கா. கார்டை இப்டி குடு, ரெண்டையும் நானே காட்டிட்டு வந்துடறேன். உங்க கேன்டீன்ல நீங்கள்லாம் பண்ணாததா?"

பண்ணினதுதான். ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் பதினொரு வருஷம் காய் நறுக்கினேன். கான்ட்ராக்ட் வேலை. எங்கள் கார்டெல்லாம் கேட்டிலேயே ஒரு பலகையில் மாட்டியிருக்கும். எவளுக்காவது பஸ் லேட் ஆனால், முன்னாடி வந்தவள் அவள் கார்டையும் சேர்த்து பன்ச் பண்ணிவிடுவாள். மெஷினுக்கு மூஞ்சி தெரியாது. யாரையும் கெடுக்காத உபகாரம் என்றுதான் நினைத்திருந்தோம்.

கார்டைக் கொடுத்தேன்.

முக்கால் மணி கழித்துக் கதவு படாரென்று திறந்தது. "அக்கா! என்னை மேடைல ஏத்திட்டாங்க!"

வாசலில் ஒரே நெரிசலாம், ரெண்டு கார்டும் பீப் என்றதும் அமலா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். முன் வரிசையில் பளிச்சென்று உட்கார்ந்திருந்தாளாம். ஆபீசர் கையைக் காட்டிக் கூப்பிட்டாராம். இவளுக்கு ஜாக்கெட்டைப் போட்டுத்தான் எல்லாருக்கும் காட்டினாராம். ஹாலே கை தட்டியதாம். யாரோ போட்டோ எடுத்து இவள் போனுக்கே அனுப்பிவிட்டார்களாம்.

"சரி, இன்னாதான் சொல்லிக் குடுத்தாங்க?"

"இங்கிலீஷ்ல சொன்னாங்க, இந்தில சொன்னாங்க. அப்பால எல்லாரும் கை தட்னாங்க."

"ஆபத்துன்னா எங்கடி போணும்?"

"அதான்க்கா, நான் நின்னேனே... அந்த மேடை கீற எடத்துக்கு."

மேடைக்கு எந்தப் பக்கம் போகணும் என்று நான் கேட்கவில்லை. இன்னொரு தடவை 'மேடை' என்ற வார்த்தையை அவள் வாயால் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

அதற்கப்புறம் கப்பல் முழுக்க அவள் "ஜாக்கெட் ஆன்ட்டி". சாப்பாட்டு ஹாலில் பரிமாறுகிறவர் அவளுக்கு மூணு குலாப் ஜாமூன் வைத்தார். எனக்கு ஒண்ணு. எனக்கு சுகர், மூணு வைத்தாலும் தின்னப்போவதில்லை. ஆனாலும் வைத்திருக்கலாம், இல்லையா?

மறுநாள் காலை பதினோரு மணி. ஜாக்கெட் ஆன்ட்டி மேல்மாடியில் நீச்சல்குளம் பார்க்கப் போயிருந்தாள். அவளோடு நடந்தால் எல்லாரும் அவளுக்கு மட்டும் வணக்கம் வைக்கிறார்கள் என்று நான் ரூமிலேயே இருந்தேன்.

சைரன் அடித்தது. சின்னது சின்னதாய் ஏழு தடவை, எட்டாவது நீளமாய். மைக்கில் இங்கிலீஷ். அப்புறம் இந்தி. வெளியே தடதடவென்று கால் சத்தம்.

பயந்தேனா? முதலில் இல்லை. கம்பெனியில் வருஷத்துக்கு ரெண்டு தடவை தீ ட்ரில் பார்த்தவள் நான். கேன்டீன் இருந்தது மாடியில். சைரன் அடித்தால் அடுப்பை அணை, கையில் எதையும் எடுக்காதே, படியில் கீழே இறங்கு, வெளியே வா, கேட்டுக்குப் பக்கத்தில் பச்சை போர்டுக்குக் கீழே வரிசையில் நில். தூக்கத்தில் எழுப்பினாலும் என் கால் செய்யும்.

செய்தது. அலமாரியில் ஜாக்கெட் இருந்தது. எதையும் எடுக்கக்கூடாதே, எடுக்கவில்லை. படியைப் பிடித்துக் கீழே இறங்க ஆரம்பித்தேன். எதிரில் ஜனங்கள் மேலே ஏறி வருகிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு படித்தவர்கள்... நெருப்பு என்றால் யாராவது மாடி ஏறுவார்களா? நிறுத்திச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். நல்லவேளை, நான் வாய் திறக்காதவள்.

நாலு மாடி இறங்கியிருப்பேன். கார்ப்பெட் முடிந்து இரும்புத் தரை வந்தது. பெயின்ட் வாசனை. காலுக்கடியில் ஏதோ உறுமுகிறது. ஒரு ஆள் இல்லை. நான் வெளியே போகிற வாசலைத் தேடினேன்.

அப்போதுதான் புரிந்தது. வாசல் என்று ஒன்று இருந்தாலும், அதற்கு அந்தப் பக்கம் கடல்.

திரும்பி வந்த வழி எது? எல்லாக் கதவும் ஒரே மாதிரி வெள்ளை. சுவரில் இருந்த எழுத்தெல்லாம் இங்கிலீஷ். என்னை யாராவது தேடுவார்களா என்று யோசித்தேன். எதற்குத் தேடுவார்கள்? இந்த அம்மாவுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தாகிவிட்டது என்றல்லவா மெஷினில் இருக்கிறது? கூப்பிடலாம் என்றால் குரலும் வரவில்லை. அறுபத்தெட்டு வருஷமாய் அடக்கி வைத்த குரல், அவசரத்துக்கு எப்படி வரும்?

எவ்வளவு நேரமோ. ஓடி வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. அமலா.

"ஆச்சி! இங்கன என்ன செய்யுதிய? எல்லாரும் மேல நிக்காவ. ஒராளு குறையுதுன்னு ரூம் ரூமாத் தேடிட்டு வாரேன்!" என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினாள். பாதிப் படியில் கேட்டாள்: "நேத்து ட்ரில்லுக்கு வந்தியள்லா? எங்கிட்டதான பீப் அடிச்சிச்சு?"

"வந்தேன்" என்றேன்.

பொய்தான். மூச்சு வாங்கியபோதும் அது மட்டும் சரளமாய் வந்தது.

ஹாலுக்குள் போனால், நடுவில் கோமளா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். "எங்க அக்காவைக் காணோமே... நான் வூட்டுக்குப் போய் இன்னா சொல்லுவேன்..." மூணு பெண்கள் விசிறுகிறார்கள். ஒருத்தி ஜூஸ் ஊட்டுகிறாள். என்னைப் பார்த்ததும் கோமளா பாய்ந்து கட்டிக்கொண்டாள். உடனே எல்லாரும் அவள் முதுகைத் தடவினார்கள். தொலைந்தது நான். ஜூஸ் அவளுக்கு!

நெருப்பு பெரிசில்லை. துணி துவைக்கிற இடத்தில் ஒரு மெஷின் புகைந்ததாம், அப்போதே அணைத்துவிட்டார்களாம். ஜனங்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஆபீசர் சிரிக்கவில்லை. அமலாவைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. திட்டு தெரியும். கான்ட்ராக்டில் வேலை பார்த்தவளுக்கு எந்த பாஷையில் திட்டினாலும் புரியும். இந்த அம்மா நேற்று வந்ததாக நீ கணக்குக் கொடுத்திருக்கிறாய், வந்தவளுக்கு எப்படி வழி தெரியாமல் போச்சு... அதுதான் கேள்வி. அமலா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். வேலை போகப்போகிறது என்றால் நாங்களும் கேட்டில் அப்படித்தான் நிற்போம்.

கோமளாவைப் பார்த்தேன். அவள் முந்தானையின் ஜரிகையை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

ஹால் நிறைய ஜனம். நாக்கு வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. கையை மட்டும் தூக்கினேன். எல்லாரும் திரும்பினார்கள். வேறு வழியில்லை.

"அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லீங்க. நேத்து நான் வரலை. என் கார்டுதான் வந்துது."

ஒரு சென்னைக்காரர் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். கார்டை யார் கொண்டுவந்தது என்று ஆபீசர் கேட்டார். "நான்தான் குடுத்தனுப்பினேன்" என்றேன். யாரிடம் என்று சொல்லவில்லை. அதற்காவது ஒரு குலாப் ஜாமூன் வந்திருக்கவேண்டும். வரவில்லை.

ஆபீசர் அமலாவிடம் குரலை இறக்கி ஏதோ சொன்னார். பின்னால் கட்டியிருந்த அவள் கைகள் முன்னால் வந்தன. எனக்கு அது போதும்.

மத்தியானம் மறுபடியும் ட்ரில். எங்கள் ஹாலுக்கு மட்டும். ஜனங்கள் முணுமுணுத்தார்கள், இவளால்தான் என்று என்னைக் கை காட்டினார்கள். காட்டட்டும். இந்தத் தடவை மேடை கிடையாது. அவரவர் ரூமிலிருந்து ஜாக்கெட்டோடு நடந்தே வரவேண்டும். வாசலில் அமலா முதலில் மூஞ்சியைப் பார்த்தாள், அப்புறம்தான் கார்டு. தமிழ் ஜனங்களுக்கு அவளே தமிழில் சொன்னாள்: தலையை நுழை, வாரை முதுகுப் பக்கம் சுற்றி முன்னால் கொண்டுவா, கொக்கியை மாட்டு, இழு. மற்றவர் கை படக்கூடாது.

பதினொரு வருஷம் கேன்டீன் ஏப்ரனை முதுகுக்குப் பின்னால் பார்க்காமலே கட்டினவள் நான். கொக்கி 'டக்' என்றது. "ஆச்சிதான் ஃபர்ஸ்ட்டு!" என்றாள் அமலா.

பக்கத்தில் கோமளா. தலை நுழைந்துவிட்டது. வார் தரையில் புரள்கிறது. "அக்கா, இது எங்கக்கா போவுது?" என்றாள், சின்னக் குரலில். அவள் முடிக்கிறவரைக்கும் அமலா நகரவில்லை. எல்லாரும் போனபிறகு கோமளா கடைசியாய் முடித்தாள்.

ஒருத்தர்... ஒரே ஒருத்தர் போட்டோ எடுத்தார்களா? இல்லை.

கப்பல்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான். பளிச்சென்று முன்னால் உட்கார்ந்திருப்பவளை மேடைக்குக் கூப்பிடாதீர்கள். அவள் எப்படியும் பிழைத்துக்கொள்வாள், கூச்சல் போடத் தெரிந்தவள். பின்னால் தூணோரம் நிற்கிறவளைத் தேடிப் போங்கள். "டவுட் இருக்கா?" என்று ஹாலைப் பார்த்துக் கேட்காதீர்கள், டவுட் இருக்கிறவள் கையைத் தூக்கமாட்டாள். கிட்டே வந்து, "நீங்க போட்டுக் காட்டுங்கம்மா" என்று சொல்லுங்கள். புடவை கட்டினவளும், காது மந்தமானவளும் தன் கையால் கொக்கியை மாட்டுகிறவரைக்கும் கப்பல் கிளம்பவேண்டாம். நம்ம ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைக் கம்பெனிக்காரர்களும் காதில் போட்டுக்கொள்ளட்டும். அங்கேயும் நெருப்பணைக்கிற சிலிண்டரை ஒருத்தர் பிடிப்பார், மிச்சப் பேர் கை தட்டுவோம்.

வளைகாப்பில் கோமளா கதையை மேடையோடு முடித்துவிட்டாள். கார்டு பற்றிப் பேச்சே இல்லை. நானும் அங்கே காட்டிக்கொடுக்கவில்லை. இதோ, இங்கே எழுதிவிட்டேன். யாராவது அவளுக்குப் படித்துக் காட்டுவார்கள், கோபித்துக்கொள்வாள், ரெண்டு நாள் குழம்பு அனுப்பமாட்டாள்.

போன் கடைசியாய் என் கைக்கு வந்தபோது, போட்டோவை விரலால் இழுத்துப் பெரிசாக்கிப் பார்த்தேன். ரெண்டு கையையும் அகல விரித்துக்கொண்டுதான் நிற்கிறாள்.

கொக்கியை மாட்டிக்கொண்டிருப்பது ஆபீசரின் கை!