இரு பக்கமும் சொன்ன பொய்

என் மகன் சேகரின் கல்யாணத்தைப் பொய் சொல்லி முறித்தவன் நான். அவன் மனைவி வள்ளி தானாக விட்டுப் போனாள் என்று ஊர் நினைக்கிறது. அவள் போகவில்லை… நான் போக வைத்தேன்.

நீங்கள் எனக்கு முகம் தெரியாதவர். அதனால் சொல்கிறேன்.

உள்ளாட்சித் தேர்தல் வந்த வருஷம். எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் தலைவர் பதவிக்கு நின்றேன். எதிரே முனிரத்தினம். அவர் பங்காளிகள் ஓட்டே ஊரில் பாதி. ஒருநாள் என் கழனிக்கு வந்தார். "நாம ஏன் மச்சான் அடிச்சிக்கணும்? நான் வாபஸ் வாங்கிக்கிறேன். புருஷன் செத்து என் பொண்ணு வீட்ல கெடக்குது. உம்புள்ளைக்குக் கட்டு."

"அவனுக்குத்தான் பொண்டாட்டி இருக்குதே."

"தீத்துட்டா போச்சு."

எங்களில் அதற்கு வழி உண்டு. பெரியவர்கள் முன்னால் இருவரும் சம்மதம் என்று சொன்னால், ஒரு துரும்பைக் கிள்ளி ஆளுக்குப் பாதி கொடுப்பார்கள்; அத்தோடு கல்யாணம் தீர்ந்தது. ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அதுதான் மரியாதை.

வள்ளி அப்போது அம்மாவுக்கு உடம்பு முடியாமல் தாய்வீட்டில் இருந்தாள். பஸ் ஏறிப் போனேன். "அவனுக்கு உன்கூட வாழப் பிடிக்கலம்மா. நேர்ல சொல்ல வாய் வரலன்னு என்னை அனுப்பிட்டான்."

"அவரே சொன்னாரா மாமா?"

ஆமாம் என்றேன். காபி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

மகனிடம், "அவ இனிமே வரமாட்டாளாம். தீத்துவிடச் சொல்றா" என்றேன்.

"நான் போயி ஒரு வார்த்த கேட்டுட்டு வரேம்பா."

"வேணாம்னு சொல்றவகிட்ட போயி நிப்பியா? வெக்கமா இல்ல?"

போகவில்லை. பெரியவர்கள் முன்னால் இருவரும் தரையைப் பார்த்துச் சம்மதம் என்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருந்தால்… பார்க்கவில்லை.

நான் தலைவரானேன். சேகருக்கு முனிரத்தினம் மகளோடு அடுத்த கல்யாணம் நடந்தது.

செங்கம் ரோட்டில் எனக்கு ஒரு வாடகை அறை உண்டு. அதில் மெட்ராஸ் வாத்தியார் ஒருவர் தங்கியிருந்தார். ரோமாபுரி ராஜாக்கள் கதை சொல்வார். பெண் கொடுத்துப் பெண் எடுத்தே நாட்டைப் பிடித்துவைத்திருந்தார்களாம். ஒரு ராஜா தன் மனைவிக்கு முதல் புருஷனிடம் பிறந்த மகனை, அவன் ஆசை மனைவியிடமிருந்து பிரித்து, விதவையான தன் மகளைக் கட்டிவைத்தானாம். பின்னொரு நாள் பழைய மனைவியைத் தெருவில் பார்த்தவன், கண்ணீரோடு அவள் பின்னாலேயே நடந்தானாம்.

"பாவம், இல்லைங்களா?" என்றார்.

"ராஜா வீட்டு விஷயம் சார்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

அந்த ராஜா உத்தரவு போட்டுப் பிரித்தான். பிரித்தது யார் என்று அவர்களுக்குத் தெரியும். அவனைத் திட்டியாவது ஆறியிருப்பார்கள். என் மகன் யாரைத் திட்டுவான்? வள்ளியை. அவள்? அவனை… என்னை இருவருமே நல்லவன் என்று நினைக்கிறார்கள்.

மூன்று வருஷம் ஆனது. போன வாரம் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தோம். சேகர் நிமிராமலே கேட்டான்.

"அவளுக்கு நான் இன்னாப்பா கொற வச்சேன்?"

முனிரத்தினம் மகள் இப்போது ஏழு மாதக் கர்ப்பம்.

"தெரியலடா" என்றேன்.

மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன். நிச்சயம் கேட்பான்.