போவென் தின்ற பச்சைப் பொட்டலம்

தைவானில் எங்கள் ஊரான சின்ச்சுவில் காற்று அடிக்காத நாளும் இல்லை, போவென் அலட்டாத நாளும் இல்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் நானும் அவனும் விண்கலத்துக்கு ரோபோ கை செய்கிறோம். விண்வெளியில் கை ஒரு பக்கம் நீண்டால் கலத்தின் உடம்பு எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். காலூன்ற அங்கே தரை ஏது? அதைத் திரும்பாமல் அடக்கும் கணக்குதான் போவெனுக்கு வாழ்க்கை. பெண் பார்க்கப் போன இடத்திலும் சாப்பாட்டுக் குச்சியை நீட்டி இதைத்தான் விளக்கினான். அந்தப் பெண் இப்போது தைனானில் வேறொருவனோடு நன்றாக இருக்கிறாள்.

கணக்கை முதலில் கணினிக்குள் ஒரு மாதிரிக் கலத்தில் ஓட்டிப் பார்ப்பான். பிறகு, காற்று மெத்தையில் மிதக்கும் மேடையில் நிஜமாகச் சோதிப்பான். மேடையின் ஒரு மூலையில் சாவிக்கொத்தை வைத்தால்கூடச் சாய்ந்துவிடும். அந்த மூலையில்தான், ஊரில் எல்லாரும் இயந்திரங்களுக்குச் செய்வதுபோல, நான் ஒரு பச்சைப் பொட்டலப் பொரியை ஒட்டியிருந்தேன். பச்சை இருந்தால் இயந்திரம் சொன்னபடி கேட்கும். மஞ்சள் பொட்டலம் ஆகாது.

தைபேயிலிருந்து மதிப்பீட்டுக் குழு வந்தது. அன்று சொதப்பினால் கலத்தில் கைக்கு இடமில்லை. வேறு யாருடைய கேமராவோ ஏறிக்கொள்ளும்.

"ஷூயின் அக்கா, இந்தக் கருமத்த எடுங்க. பாத்தா என்னப் பூசாரின்னு நெனப்பாங்க."

"தொடாதடா, உருப்படாது."

"காலைலேர்ந்து பட்டினி வேற," என்று பிய்த்துப் பிரித்து, என் கண்ணெதிரே தின்று தீர்த்தான்.

குழு உட்கார்ந்தது. போவென் காற்றைத் திறந்தான். மேடை எழும்பியது, குடிகாரன்போலச் சாய்ந்தது, இடித்துக்கொண்டு நின்றது. மறுபடி திறந்தான். மறுபடியும் அதே கூத்து.

"கை இன்னும் அசையவே இல்லையே தம்பி," என்றார் குழுத் தலைவி கௌ.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. போவென் காதருகே போய்ச் சொன்னேன்: "மேடைய நீ சமன் பண்ணப்போ பொட்டலம் மேல இருந்துச்சுடா." அதிர்ஷ்டத்துக்கும் எடை உண்டு என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அவன் கணினிப் பக்கம் திரும்பினான். மாதிரிக் கலத்தில் அந்த மூலையிலிருந்து கொஞ்சம் எடையைக் கழித்து ஓட்டினான். திரையில் அது அதே பக்கம், அதே வேகத்தில் சாய்ந்து விழுந்தது. கணக்கில் தப்பே இல்லை என்று அவன் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

"அந்த மூலைலேர்ந்து எத எடுத்தீங்க?" என்றார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த கௌ.

"பொரிங்க மேடம்."

"இப்ப எங்க இருக்கு?"

"சாப்பிட்டுட்டேன்."

கௌ சிரிக்கவே இல்லை. "விழறதக்கூட இவ்வளவு சரியாச் சொல்லுதே உங்க கணினி! வேற பொட்டலம் இருந்தா ஒட்டுங்க. கைய நீட்டிக் காட்டுங்க."

பக்கத்து இயந்திரத்திலிருந்து ஒன்றைப் பிய்த்து வந்து ஒட்டினேன். கை நீண்டது. மேடை அசையவில்லை. கலத்தில் இடம் கிடைத்தது.

அடுத்த வாரம் போவெனே ஒரு பச்சைப் பொட்டலம் வாங்கி வந்தான். தராசில் நிறுத்தான், எடையைக் கணக்கில் சேர்த்தான், பிறகு ஒட்டினான்.

"என்னடா, நம்பிக்கை வந்துடுச்சா?"

"நம்பிக்கையா? எடை அக்கா, வெறும் எடை."

நான் அந்தப் பக்கம் திரும்பியதும், ரெண்டு கையையும் கூப்பி அதைக் கும்பிட்டான். கண்ணாடிக் கதவில் எனக்கு நன்றாகவே தெரிந்தது.