அப்பா சொன்ன கடனும் சொல்லாத பெயரும்

கடன் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றார் அப்பா. யாருக்காகப் பட்டது என்று கேட்டார்கள். அதை மட்டும் சொல்லவில்லை. அப்படிப்பட்ட ஒருவரை நேர்மையானவர் என்று சொல்லலாமா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. வெள்ளகோவில் பக்கம் எங்கள் ஊர். அரசு நிர்வாகத்தில் இருந்த கோயிலுக்கு அறங்காவலர் போடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அப்பா மனுக் கொடுத்தார். கோயில் நிலத்தைச் சும்மா அனுபவிப்பவர்களிடம் குத்தகை வாங்கிக் காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. எதிர் வீட்டில் இருந்த மாமாவும் மனுக் கொடுத்திருந்தார். அம்மாவின் அண்ணன்.

மாமா தறி போடுவதற்குப் பைனான்ஸில் வாங்கிய கடனுக்கு அப்பாதான் ஜாமீன். எங்கள் பக்கம் மச்சான் கையெழுத்துக் கேட்டால் எவ்வளவு என்றுகூடக் கேட்பதில்லை. கேட்டால் மரியாதை இல்லை. மாமா தறிகளை அத்தை பெயருக்கு மாற்றிவிட்டுத் தவணையை நிறுத்தினார். பைனான்ஸ்காரர்கள் அப்பாவைத் தேடி வந்தார்கள். இதெல்லாம் எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரியும்.

விசாரிக்க வந்த அதிகாரி எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். மாமாவும் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“கடன் கிடன் ஏதாச்சும் இருக்குங்களா?”

“சாமி புண்ணியத்துல ஒரு பைசா பாக்கி இல்லீங்க” என்று மாமா முந்திக்கொண்டார்.

“எனக்கு இருக்குதுங்க. பைனான்ஸ்ல ஜாமீன் போட்டது, இப்ப என் தலைமேல நிக்குது” என்றார் அப்பா.

“யாருக்குப் போட்டீங்க?”

“அது எதுக்குங்க. கையெழுத்து என்னுதுங்க.”

மாமா சிரித்தார். “எங்க மாப்பிள்ளை இப்படித்தானுங்க. ஆரு கேட்டாலும் போட்டுக் குடுத்துருவாரு.”

அதிகாரி சிரிக்கவில்லை. “கோயில் காசு பொழங்கற எடமுங்க. கடன் நிக்கற ஆளை நான் எப்படீங்க எழுதி அனுப்பறது?”

அம்மா காபி கொண்டுவந்தாள். அதிகாரிக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. மாமாவுக்கு வைக்காமல் உள்ளே போய்விட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து நான் ஓடிப்போய் ஒரு டம்ளர் எடுத்துவந்து கொடுத்தேன்.

“கண்ணுக்குத்தான் மாமன் மேல பாசம்” என்று மாமா என் கன்னத்தைத் தட்டினார்.

அந்த வருடக் கோயில் நோம்பிக்கு மாமா அறங்காவலராகத் தலையில் பரிவட்டத்தோடு சாமிக்கு முன்னால் நடந்தார். அப்பா கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். பள்ளிக்கூடத்தில் என்னைக் கடன்காரன் மகள் என்றார்கள். மாமாவைப் போல அப்பாவும் ஒழுங்காக இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அது யாருடைய கடன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதை அடைக்கத்தான் எங்கள் கிணற்றடி நிலம் போயிற்று என்றும் சொல்லவில்லை. மாமா பதவியில் இருந்தவரை கோயில் நிலத்துக்குக் குத்தகை வரவே இல்லை.

இன்று அந்த ஆத்திரம் மாமா மேல் இருக்கிறது. உண்மை சொன்னவரைத் தள்ளிவிட்ட அந்த விசாரணையின் மேல் இருக்கிறது. சொல்லவே வாய் கூசுகிறது, அப்பா மேலும் இருக்கிறது. தன்னைப் பற்றி மட்டும் உண்மை சொன்னால் போதும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

அப்பா இப்போது இல்லை. நாங்கள் அம்மாவோடு அதே வீட்டில் இருக்கிறோம். மாமா மறுபடியும் அறங்காவலர் பதவிக்கு மனுக் கொடுத்திருக்கிறார். மறுபடியும் கடன் வாங்கியிருக்கிறார். இந்தத் தடவை ஜாமீன் என் கணவர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் என்று நான் கேட்டதற்கு, “பெரியவரு கேக்கறப்ப எப்படி அம்மணி முடியாதுங்கறது?” என்கிறார்.

விசாரிக்க வருபவர்கள் அக்கம்பக்கத்திலும் கேட்பார்களாம். எதிர் வீடு எங்களுடையது. “எம் பொறந்த ஊட்டுக் கதவச் சாத்திப்போடாத சாமி” என்று அம்மா அழுகிறாள். சொன்னால் அவளுக்கு அண்ணன் இல்லை. சொல்லாவிட்டால் கோயில் மறுபடியும் மாமா கைக்குப் போகும். என் மகளுக்கு எட்டு வயது. யார் வந்தாலும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

அதிகாரி வந்து கேட்டால் நான் என்ன சொல்லட்டும்? இப்படி ஒரு நிலையில் நின்றவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.