தங்கபாண்டி குடித்த தண்ணீர்

கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பக்கத்து ஓட்டலுக்குள் நுழைகிறவர்களுக்கு முதலில் தண்ணீர் வைப்பவர் தங்கபாண்டிதான். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து மலையாளக் கரைக்கு வந்து, சப்ளையராகவே நரை கண்டவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு டயாலிசிஸ் தொடங்கிய பிறகு, ஊருக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தான் மட்டும் ஓர் ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு நிற்பார். கொஞ்சம் கூடுதலாகக் குடித்தாலும் கால் வீங்கும், மூச்சு முட்டும். அந்தத் தாகம் எதிரிக்கும் வரக் கூடாது.

மனைவி பிரேமா தன்னுடைய சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுத்தாள். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவருக்கு, நர்ஸ் ஷீனா கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பையைக் காட்டினாள். அது நிறைந்துகொண்டிருந்தது.

“கண்டோ சேட்டா? சேச்சியோட கிட்னி ஜோலி தொடங்கியாச்சு!”

தையல் வலிக்க வலிக்க அழுதார் மனிதர்.

வீட்டுக்கு அனுப்பும்போது நிறையச் சொன்னார்கள். மாத்திரை நேரம் தவறக் கூடாது, அது ஆயுசுக்கும். கூட்டத்துக்குள் போகக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, காய்ச்சல் என்றால் உடனே ஓடிவர வேண்டும். காய்ச்சி ஆறிய தண்ணீரைத் தாராளமாகக் குடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எல்லாவற்றையும் செய்தார், தண்ணீரைத் தவிர.

புதுச் சிறுநீரகத்தை வலது அடிவயிற்றில் வைத்திருந்தார்கள். அதன் மேல் எப்போதும் ஓர் உள்ளங்கை இருக்கும். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவும் மாட்டார். பிரேமா உடம்பை அறுத்துக் கொடுத்ததைப் போட்டு வேலை வாங்கலாமா என்று அந்த மகானுக்கு ஒரு கரிசனம்! அவள் வைக்கும் தண்ணீரில் இரண்டு மடக்கு குடித்துவிட்டு, மீதியைக் கொல்லையில் கறிவேப்பிலைக்கு ஊற்றிவிடுவார். செடி தளதளவென்று வளர்ந்தது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் இவருக்குக் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறியிருந்தது.

உடம்பு புதுச் சிறுநீரகத்தை ஏற்கவில்லையோ என்று டாக்டர் சந்தேகப்பட்டார். கொடுத்தது வீணாகப் போய்விடுமோ என்று பிரேமா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடியும் படுக்கை, மறுபடியும் ரத்தம், ஸ்கேன்.

ஷீனாதான் தண்ணீர்க் கணக்கைக் கேட்டாள். “சேட்டா, சத்தியம் பறயணும். வெள்ளம் எத்தற குடிக்குது?”

தங்கபாண்டி ஃபேனைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு மெல்ல, “அவ குடுத்ததாக்கும். அதுக்குச் சிரமம் குடுக்க மனசு வரல்ல” என்றார்.

ஷீனா தலையில் கைவைத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். டிரிப்ஸ் ஏற்றினார்கள். மறுநாள் கிரியாட்டினின் இறங்கத் தொடங்கியது. சிறுநீரகத்துக்கு ஒரு குறையும் இல்லை, தண்ணீர்தான் போதவில்லை என்றார் டாக்டர். பிரேமா பொரிந்து தள்ளினாள்.

“நான் என்ன பட்டுச்சேலையா குடுத்தேன், பீரோவுல மடிச்சு வைக்க? உழைக்கத்தானே குடுத்தேன்! எனக்குள்ள இருந்தப்ப அது ஒரு நாளாவது சும்மா இருந்துச்சா?”

திட்டிக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே இரண்டு டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள்.

“இப்ப நமக்கு ஆளுக்கு ஒண்ணுதான். ரெண்டும் ஓடட்டும். நீங்க குடிச்சாத்தான் நானும் குடிப்பேன்.”

தங்கபாண்டி அடிவயிற்றிலிருந்து கையை எடுத்து டம்ளரை வாங்கினார். கடைசிச் சொட்டுவரை குடித்தார். இத்தனை வருஷமாக ஊரார் தன்னிடம் கேட்டதை, காலி டம்ளரை நீட்டி அவளிடம் கேட்டார்.

“இன்னும் கொஞ்சம் தண்ணி.”