பானுப்ரியா நம்பரில் ஒரு குடும்பம்

நம் ஜனங்களிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், மென்று முழுங்குவார்கள். பெண்ணுக்கு எத்தனை பவுன் போட்டீர்கள் என்றால் பேச்சை மாற்றுவார்கள். ஆனால் ஜவுளிக்கடையில் பில் போடும் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "போன் நம்பர் சொல்லுங்க" என்றால் போதும், வரிசை முழுக்கக் கேட்கும்படி பத்து எண்ணையும் ஒப்பித்துவிடுவார்கள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு நாலு மாடி ஜவுளிக்கடையில் ஏழு வருஷமாக அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தவள் பானுப்ரியா.

வயது முப்பத்தெட்டு. சொந்த ஊர் கன்னிவாடி. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். தோட்டத்தை விற்றுவிட்டுத் திருப்பூர் போன அண்ணன், போனது போனதுதான். கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்து தட்டிப்போனது. மூன்றாவது தடவை பேச வீட்டில் ஆள் இல்லை. நாகல் நகரில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். ஒரு ஆளுக்கு எதற்கு வெஞ்சனம் என்று பாதி நாள் ரசத்தோடு முடித்துக்கொள்வாள். ரீசார்ஜ் முடியப்போகிறது என்று சொல்லும் கம்பெனியைத் தவிர அவளை யாரும் கூப்பிட்டதில்லை.

கடைக் கம்ப்யூட்டருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பத்து எண் போடாமல் பில் தராது. வரிசையாக ஒன்பதாகப் போட்டு ஏமாற்றினால், மேனேஜர் முகமது ரஃபீக்குக்குச் சென்னையிலிருந்து கேள்வி வந்துவிடும். ஒரு நாள் ரெட்டியார்சத்திரத்துப் பெரியவர் ஒருவர், "வேட்டி எடுக்க வந்தேன் தாயி, சம்பந்தம் பேசவா வந்தேன்? என் நம்பர் ஒனக்கு எதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பின்னால் இருபது பேர் நின்றார்கள். பானுப்ரியா தன் நம்பரையே அடித்துப் பில்லைக் கிழித்துக் கொடுத்தாள். அதுவே வழக்கமாகிவிட்டது. போன் இல்லாதவர், புருஷனுக்குத் தெரியாமல் சேலை எடுக்க வந்தவள், தரமுடியாது என்று மல்லுக்கு நின்றவர், எல்லோருக்கும் அவள் நம்பர்தான்.

ஒரு நாள் காலையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தபோது கடையிலிருந்து அவளுக்கு ஒரு மெசேஜ் வந்தது. "அன்புள்ள பானுப்ரியா, உங்கள் செல்லத்துக்கு இரண்டு வயது! பிறந்தநாள் உடைகள் காத்திருக்கின்றன." சிரித்துவிட்டாள். அப்புறம் இன்னொரு தடவை படித்தாள். சில வாரங்களில் கடைக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களிலிருந்தும் வர ஆரம்பித்தது. கணவர் பெயரில் இன்சூரன்ஸ் எடுக்கச் சொன்னார்கள். மகள் சடங்குக்கு மண்டபம் வேண்டுமா என்றார்கள். மாமியாரின் முட்டி வலிக்குத் தைலம் இருக்கிறது என்றார்கள். தான் கேட்டு வாங்கும் நம்பர்களெல்லாம் எங்கே போகின்றன என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. முகம் தெரிந்த மாமியாரின் முட்டிக்கே யாரும் கவலைப்படாத காலத்தில், இல்லாத மாமியாருக்காக அந்தத் தைலத்தின் விலையை விசாரித்தவள் திண்டுக்கல் ஜில்லாவிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அந்த மே மாதம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்திலிருந்து ஸ்ரீமதி என்றொரு பெண் கூப்பிட்டாள். எல்.கே.ஜி. அட்மிஷன் நடக்கிறது, பையன் பெயர் என்ன என்று கேட்டாள். ராங் நம்பர் என்று சொல்லத்தான் பானுப்ரியா வாயைத் திறந்தாள். "ஸ்ரீராம்" என்று வந்தது. அவனுக்கு இன்னும் மூணு வயசு ஆகவில்லை, அடுத்த வருஷம் கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள். அன்று கடைக்கு நடக்கும்போது வழி நெடுக அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

அப்புறம்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். ஒரு தாய், யானைப் படம் போட்ட மஞ்சள் சட்டை ஒன்றை, மூன்று வயதுக்கான அளவு, பில்லுக்கு வைத்தாள். தன் நம்பரைத் தெளிவாகத்தான் சொன்னாள். பானுப்ரியா கேட்டுக்கொண்டே தன் நம்பரை அடித்தாள். திருட்டுதான். என்ன களவு போனது என்று எந்தப் போலீசாலும் எழுத முடியாது, அவ்வளவுதான்.

பல நாள் திருடன் ஒரு நாள் அகப்படுவான். தீபாவளி முடிந்த கையோடு, கிளையில் அதிகம் வாங்கிய வாடிக்கையாளரைக் குடும்பத்தோடு நிற்கவைத்துப் பரிசு கொடுத்துப் படம் பிடிக்க வேண்டும் என்று சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. முதலிடத்து நம்பரை ரஃபீக் தன் போனில் போட்டுப் பார்த்தார். அது 'பானு பில்லிங்' என்று காட்டியது.

சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் விவரம் பார்க்கும் சிவபிரகாஷ் லேப்டாப்போடு வந்தான். மேனேஜர் அறையில் அவளை உட்காரவைத்து, வரிசையாகப் படித்தான். நாற்பத்திரண்டு சைஸ் சட்டை போடும் கணவர். நூல்சேலை கட்டும் மாமியார். பத்து வயதில் ஒரு பெண், மூன்று வயதில் ஒரு பையன். தையில் வீட்டில் ஒரு கல்யாணம் இருக்கலாம். எல்லாம் மெஷினே பில்களை வைத்துக் கண்டுபிடித்தது. பதினோரு கம்பெனிக்காரர்கள் இதைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள் என்றான்.

"வெறும் நம்பர் பத்து பைசா பெறாதுங்க. வீட்டுல யார் யார் இருக்காங்கன்னு தெரிஞ்சாதான் விலை."

ரஃபீக் திரையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். "இதுல ஒருத்தர்கூடவா இல்ல, பானு?"

"இல்ல சார். நான் ஒத்தையாத்தான் இருக்கேன்."

அதை அவள் வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அன்றுதான்.

பிறகு சிவபிரகாஷ் ஒவ்வொரு பில்லாகக் காட்டி அவள் வாங்கியதா என்று கேட்டுக் கேட்டு அழித்தான். கணவர் போனார், மாமியார் போனார், பெண் போனாள். மஞ்சள் சட்டைக்கு மட்டும் அவனை இரண்டாவது தடவை கேட்க வைத்தாள். கடைசியில் மிஞ்சியது இரண்டு நைட்டி, ஒரு துண்டு, ஒற்றைக் கட்டில் போர்வை ஒன்று. மெஷின் அதைக் கணக்குப் போட்டு 'விளம்பரம் அனுப்பத் தேவையில்லை' என்று ஒரு வரி காட்டியது. "இது விக்காதுங்க," என்றான் அவன். போகாத சரக்கைப் பற்றிச் சொல்வதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னான்.

அத்தனை பில்லுக்கும் அவள் நம்பரில் சேர்ந்திருந்த பரிசுப் புள்ளிகளில் ஒன்றைக்கூட அவள் தொட்டிருக்கவில்லை. அதனால் வேலை தப்பியது. அப்படி ஒரு குடும்பம் தனக்கு இல்லை, யார் கூப்பிட்டாலும் இல்லையென்றே சொல்வேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவளை மூன்றாம் மாடியில் சேலை மடிக்கப் போட்டார்கள். அங்கே யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. மாசியில் அவள் பிறந்தநாள் வந்தது. வருஷா வருஷம் கடையிலிருந்து வரும் வாழ்த்து அந்த வருஷம் வரவில்லை. மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோயின. சில காலைகளில் போன் வேலை செய்கிறதா என்று தானே ரீசார்ஜ் கம்பெனிக்குக் கூப்பிட்டுப் பார்த்தாள்.

மே மாதம் ஒரு காலை, டீயை வாயில் வைக்கும்போது போன் அடித்தது.

"மேடம், ஸ்ரீராம் அம்மாங்களா? ஸ்ரீமதி பேசுறேன். போன வருஷம், அடுத்த வருஷம் கூப்பிடச் சொன்னீங்களே."

எழுதிக் கொடுத்த வாசகம் பானுப்ரியாவுக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் இந்த நம்பரும் இனி அடிக்காது. டீயைக் கீழே வைத்தாள்.

"ஆமா, ஸ்ரீராம் அம்மாதேன்," என்றாள். "ஒண்ணு கேக்கவா தாயி? அவன் ஒத்தையாவே இருந்து பழகுன பிள்ள. பக்கத்துல யாரையாச்சும் ஒக்கார வைப்பீங்களா?"

"கண்டிப்பா மேடம்," என்ற ஸ்ரீமதி, அதையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டாள்.