யோசுவா நட்ட சீமைக்கொன்னை

யோசுவா செத்த கதையைச் சொல்ல என்னைவிட உரிமையுள்ள ஆள் தம்பானூரில் கிடையாது. அவன் விழுந்த குழி என் ஹோட்டல் வாசலில்தான் இருந்தது. அதைத் திறந்து வைத்தவனும் நான்தான்.

என் பெயர் பகவதிப்பெருமாள். பூதப்பாண்டிக்காரன். படித்தது நாலாம் வகுப்பு, அதிலும் பாதி. பன்னிரண்டு வயதில் எல்லை தாண்டி, மலையாளம் பேசும் இந்த ஊருக்கு வந்து எச்சில் இலை எடுத்தேன். இன்றைக்கு ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் நாற்பத்தெட்டு பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடும் ஹோட்டல் என்னுடையது. மேலே மூன்று மாடியும் நான் கட்டியது. என் ரசவடையைத் தின்றுவிட்டு இன்னொரு கடை ரசவடையைப் புகழ்ந்தவனை நான் இதுவரை பார்த்ததில்லை. கல்லாவில் உட்கார்ந்தால் சந்தின் இரண்டு முனையும் தெரியும். வருகிறவன் பசித்து வருகிறானா, கக்கூஸ் தேடி வருகிறானா என்று செருப்புச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.

யோசுவா எங்கள் சந்து முனை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டினான். பாறசாலைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். பத்தாம் வகுப்பு தோற்று, பம்பாயில் ஏழு வருடம் லேத்துப் பட்டறையில் வேலை பார்த்து, ஒரு விரல் நுனியை அங்கேயே விட்டுவிட்டு வந்தவன். மனைவி ரெனி பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிறாள். மகள் குவைத்தில் நர்ஸ். இருபத்திரண்டு வருடம் என் கடையில் சாயா குடித்திருக்கிறான். ஒரு நாள்கூட தம்ளரை மேசையில் விட்டுப் போனதில்லை. கொண்டுவந்து கழுவுகிற இடத்தில் வைத்துவிட்டுத்தான் போவான்.

அவனுடைய ஆட்டோவில் சீட்டுக்குப் பின்னால் எப்போதும் வேலிக்கு நடுகிற சீமைக்கொன்னைக் கொம்பு ஒரு கட்டு கிடக்கும், இலையும் தழையுமாக. ரோட்டில் எங்கேயாவது சாக்கடை ஓடையின் சிலாப் உடைந்திருந்தாலோ, குழாய்க்குத் தோண்டிய பள்ளம் மூடாமல் கிடந்தாலோ வண்டியை ஓரம் கட்டுவான். ஒரு கொம்பை எடுத்து நட்டுவிட்டுப் போவான். மழை வந்து குழியும் ரோடும் ஒன்றாகத் தெரியும்போது தண்ணீருக்கு மேலே ஒரு பச்சைத் தழை ஆடிக்கொண்டு நிற்கும். பார்த்தவன் விலகிப் போவான். கொம்பு வைப்பது இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அது ஒருவன் விழுந்த பிறகு. இவன் விழுவதற்கு முன்னால் வைப்பான்.

ஸ்டாண்டில் அவனுக்கு மராமத்து மந்திரி என்று பெயர். சஜி என்று ஒரு டிரைவர் இருக்கிறான், வாய் சும்மா இருக்காது.

“மந்திரியே, இன்னைக்கு எத்தனை குழிக்குத் திறப்பு விழா?”

“தொறந்தது நான் இல்லடே சஜி. தொறந்த ஆளு ஊணும் உண்டு உறங்கியாச்சு.”

நானும் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். “ஏவே, நீ நடுத கொம்புல இந்த லோகம் நன்னாயிருமா?”

“லோகம் எல்லாம் நமக்கு அறியாது அண்ணாச்சி. கண்ணுல பட்டுப் போச்சுல்லா? கண்டாப்புறம் பின்ன எப்படிப் போறது?”

எனக்குச் சிரிப்பு வந்தது. உலகத்தை மாற்றுகிறவன் கட்டடம் கட்டுவான், கொம்பு நட மாட்டான் என்பது அன்றைக்கு என் கட்சி.

போன ஐப்பசியில் துலா மழை அடித்தபோது வாசல் ஓடை அடைத்து, சமையல்கட்டுக்குள் அழுக்குத் தண்ணீர் ஏறியது. கார்ப்பரேஷனில் சொல்லி ஆள் வர இரண்டு நாளாவது ஆகும். எனக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. பொறுமையாக இருந்திருந்தால் இன்றைக்கும் இலை எடுத்துக்கொண்டிருப்பேன். கடப்பாரைக்கு இரண்டு ஆளைக் கூப்பிட்டு வாசலிலிருந்த சிலாப்பை நெம்பினேன். அது இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டு உள்ளே விழுந்தது. அடைப்பு போய்விட்டது, தண்ணீர் சீறிக்கொண்டு ஓடியது. ஒரு ஆள் நின்றபடி இறங்கும் அகலத்துக்கு வாய் திறந்து கிடந்தது. புது சிலாப் வருகிறவரைக்கும் இருக்கட்டும் என்று ஹோட்டலின் பழைய தகர போர்டை எடுத்து அதன்மேல் போட்டேன். பார்க்கிறவனுக்குத் தரை மாதிரியே இருக்கும். அதுதான் தப்பு. திறந்த குழியையாவது கண் பார்த்துவிடும்.

மறுநாள் காலையில் தகரத்தின் ஓரத்து இடைவெளியில் கொம்பு நின்றது. யார் வைத்தது என்று கேட்கவேண்டிய தேவையே இல்லை. எட்டு மணிக்குள் மூன்று பேர் வாசல்வரை வந்து, கொம்பைப் பார்த்து, கடை இல்லை என்று நினைத்துத் திரும்பினார்கள். மூன்று பேர்! எனக்குச் சுர்ரென்று ஏறியது. இறங்கிப் போய்ப் பிடுங்கினேன். ஒடித்து எச்சில் வாளியில் போட்டேன். ஸ்டாண்டில் அப்போது வண்டி ஒன்றுகூட இல்லை. யோசுவா துறைமுக வேலைக்காரர்களை ஏற்றிக்கொண்டு விழிஞ்ஞம் போயிருந்தான்.

பதினோரு மணிக்கு வானம் இருண்டது. கடைக்குள் விளக்குப் போட்டோம். காற்று நின்றுபோயிற்று. வாசல் ஓடைக்குள்ளிருந்து சளி கட்டிய தொண்டை மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. பிறகு மழை இறங்கியது. தம்பானூரில் வெள்ளம் ஏறுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது மேலேயிருந்து வருவதில்லை, கீழேயிருந்து பொங்கும். அரை மணியில் கணுக்கால், ஒரு மணியில் முட்டு. சாயா நிறத் தண்ணீர். தகர போர்டு ஒரு மூலை தூக்கி, மெல்லத் திரும்பி, என் பெயரோடு மிதந்து போயிற்று.

கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எழவில்லை. மழை இப்போது விட்டுவிடும் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில் யோசுவா வண்டியை மேட்டில் விட்டுவிட்டு நடந்து வந்தான். வாசல் பக்கம் பார்த்தான். பச்சை இல்லை. நேரே வந்து, காலால் துழாவிக் குழியின் விளிம்பைக் கண்டுபிடித்து, அதை ஒட்டி நின்றுகொண்டான்.

“ஏவே, கேறி வா. தண்ணி ஒழுக்கு பெலமா இருக்கு.”

“நாகர்கோவில் வண்டி வந்தாச்சு அண்ணாச்சி. ஆள்கள் எல்லாம் இந்த வழிதான் வரும். ஒரு பெஞ்சு தாங்க, குறுக்கே போடலாம்.”

“பெஞ்சில ஆளு இருந்து சோறு திங்குதாவல்லா? எழுப்பி விடவா?”

“எழுப்புங்க. நின்னு தின்னா வயிறு நிறையாதா?”

உள்ளே இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் எழுப்பவில்லை. என் கடையில் சாப்பிடுகிறவனைப் பாதியில் எழுப்பியதில்லை என்பது எனக்குப் பெரிய பெருமை.

“கொம்பாவது எடுத்துட்டு வந்து நடேன்.”

“வண்டி அங்க நிக்கி. எடுக்கப் போற நேரத்தில ஒரு ஆள் விழும்.”

முக்கால் மணி நேரம் நின்றான். டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்த ஒரு பட்டாளக்காரன், இரண்டு கன்னியாஸ்திரிகள், இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி, லாட்டரி விற்கிற கிழவர். ஒவ்வொருவரையும் “இவடெ குழி உண்டு, அந்தப் பக்கம், அந்தப் பக்கம்” என்று கையைக் காட்டித் திருப்பிவிட்டான். அவர்களுக்கு என்ன தெரியும்? வழியை மறித்து ஒருவன் கத்துகிறான், அவ்வளவுதான். பட்டாளக்காரன் மலையாளத்தில் ஏதோ முணுமுணுத்துவிட்டே போனான். விழாதவனுக்கு, தான் விழவில்லை என்பது தெரியாது. அவனை விட்டால் அது தெரிந்த ஆள் அந்தச் சந்தில் நான் ஒருவன்தான்.

கடைசியாக ஒரு பெண் வந்தாள். காலேஜில் படிக்கிற வயது. குடையைத் தாழ்த்திப் பிடித்திருந்தாள், காதில் எதையோ சொருகியிருந்தாள். அவன் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. கால் எடுத்து வைக்கப் போன நேரத்தில் பையைப் பிடித்து இழுத்து என் படிப் பக்கம் தள்ளினான். தள்ளிய வேகத்தில் அவன் கால் வழுக்கிற்று. நெஞ்சுவரை உள்ளே போய்விட்டான்.

அப்போது எழுந்தேன். நானும் சாயா போடுகிற அபிஜித்தும் அவன் அக்குளில் கை கொடுத்து இழுத்தோம். அடியில் தண்ணீரின் ஒழுக்கு காலைப் பிடித்து இழுத்தது. உடைந்த சிலாப்பின் விளிம்பில் முழங்காலுக்குக் கீழே நீளத்துக்குக் கிழித்திருந்தது. படியில் உட்கார வைத்ததும் சிரித்தான்.

“அண்ணாச்சியட ஹோட்டல்ல சாயாதான் கிட்டும்னு நெனச்சேன். குளியும் கிட்டிச்சு.”

எல்லோரும் சிரித்தோம். அந்தப் பெண் “ஸாரி அங்கிள்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சாயா கொடுத்தேன். பிறகுதான் பெஞ்சைக் கொண்டுவந்து குறுக்கே போட்டேன். அவன் காயத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு அன்றைக்கே வண்டி ஓட்டினான். ஓடைத் தண்ணீர் பட்டால் மாத்திரை போட வேண்டும் என்று ரெனி சொல்லியிருக்கிறாள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளியிருக்கிறான்.

ஏழாம் நாள் காய்ச்சல். அதன்பின் இரண்டாம் நாள் கண் மஞ்சள். எலிக்காய்ச்சல், இங்கே எலிப்பனி என்பார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோது முகம் ஊதியிருந்தது. மூத்திரம் போகவில்லை என்று டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான்.

“அந்தக் குழி மூடியாச்சா?”

“மூடியாச்சு வே.”

மூடவில்லை. பெஞ்சு அப்படியே கிடந்தது. நேரே வந்து அன்று சாயங்காலமே ஆள் வைத்துப் புது சிலாப் போட்டேன். ஆறங்குல கனம், லாரி ஏறினாலும் அசையாது. அதிலிருந்து நான்காம் நாள் விடிகிற நேரத்தில் அவன் இறந்தான்.

பதினாறாம் நாள் ஸ்டாண்டுக்காரர்கள் சந்திலேயே இரங்கல் கூட்டம் வைத்தார்கள். படத்துக்கு மாலை, மைக், நாற்பது நாற்காலி. நாற்காலி என்னுடையது. தலைமையும் நான்தான். யோசுவாவைப் பற்றிப் பன்னிரண்டு நிமிடம் பேசினேன். அக்குளில் கை கொடுத்து இழுத்ததைச் சொன்னேன். சிலாப்பை நெம்பியது நான் என்பது ஊருக்கே தெரியும், அதையும் சொன்னேன். எனக்குப் பிறகு சஜி மைக்கை வாங்கினான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

“எல்லா குழிக்கும் கொம்பு வச்ச மனுசன். அன்னைக்கு நம்ம சொந்த சந்துல வைக்க மறந்து போயிட்டாரு. வச்சிருந்தா அவர் அங்க போய் நிக்க வேண்டி வந்திருக்காது.”

கூட்டம் தலையை ஆட்டியது. ரெனி முன்வரிசையில் இருந்தாள். கூட்டம் கலையத் தொடங்கியதும் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, அவர் மறக்குற ஆளா? முந்தின நாள் ராத்திரி எங்கிட்ட சொன்னாரு, விடிஞ்சதும் போய் வைக்கணும்னு. ஆனா எல்லாரும் மறந்துட்டாருன்னு சொல்லுதாவ. எனக்கும் அப்பிடித் தோணிப் போச்சு. மருந்தும் மறந்தாரு, இதும் மறந்திருப்பாருன்னு.”

சும்மா இருந்திருக்கலாம். எச்சில் வாளியைப் பார்த்தவர் யாரும் இல்லை.

“மறக்கல்ல ரெனி. வச்சிருந்தான். நான் பிடுங்கிட்டேன்.”

அவள் அழுவாள், கையை ஓங்குவாள் என்று நினைத்தேன். சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

“ஆள்கள் இன்னும் போகல்ல. மைக் இருக்கு. அங்க போய்ச் சொல்லுங்க.”

போனேன். சஜியின் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். என்னைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை சேர்க்காமல் நான் பேசியது என் ஆயுசில் அந்த ஒரு தடவைதான். “கொம்பு நட்டிருந்தது. பிடுங்கினது நான்.”

தூறல் விழ ஆரம்பித்தது. ஒருவன் போய் ஆட்டோவை ஸ்டார்ட் செய்தான், பிறகு இன்னொருவன். சஜி என் கையிலிருந்த மைக்கை வாங்கி, என் முகத்தைப் பார்க்காமல் வயரைச் சுற்றத் தொடங்கினான்.